சொந்த வீட்டில் திருடிய விறகு

இந்த வருஷம் தீ மூட்டப் போவது நான்தான் என்று சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று அறிவித்தேன். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். ஆனால் சில முடிவுகளை நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும்.

"சரி, உட்காருங்க. சாப்பாடு ஆறுது" என்றாள் மனைவி.

"விறகும் என்னோடதுதான்."

"சரிங்க."

"உங்க அண்ணன் ஒரு சுள்ளிகூடக் கொண்டு வரக்கூடாது. சொல்லிடு."

"சொல்லிடறேன். தண்ணி குடிங்க."

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒரு முறை நான், மனைவி, அவள் அண்ணன் மூவரும் எங்காவது காட்டுப் பக்கம் போய்க் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குவோம். போன வருஷம் ஓர் ஆற்றங்கரை. மச்சான் காரில் விறகு கொண்டுவந்திருந்தார். தீ மூட்டுகிற வேலையை நான் வலியப் போய் வாங்கிக்கொண்டேன். ஒரு தீப்பெட்டி தீர்ந்தது. வந்தது புகை மட்டும்தான். அதுவும் லேசுப்பட்ட புகை இல்லை. பக்கத்தில் தங்கியிருந்த குடும்பம் இருமிக்கொண்டே கூடாரத்தைப் பிடுங்கி இருநூறு அடி தள்ளிப் போய் நட்டுக்கொண்டது. கடைசியில் மச்சான் வந்தார். மூன்று சுள்ளியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஒரே குச்சி. பற்றிக்கொண்டது.

அதோடு விட்டாரா மனிதர்? கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு, நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் என்னை நடித்துக் காட்டினார். கன்னத்தை உப்பி, கண்ணில் நீர் வழிய, தரையோடு தரையாகக் குனிந்து ஊதுகிற நான். தத்ரூபமாகச் செய்வார். ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போன இடத்திலும் செய்தார். அவருக்கு வயிற்றில் போட்டிருந்த தையல் சிரித்துச் சிரித்தே பிரிந்துவிடும் போலிருந்ததால், நர்ஸ் வந்து எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

ஆற அமர யோசித்தேன். அது அவர் விறகு. அவர் பேச்சைத்தான் கேட்கும். என் விறகாக இருந்திருந்தால் என் பேச்சைக் கேட்டிருக்கும். ஆகவே இந்த முறை என் விறகு, என் தீ. மறுபடியும் புகைந்தால் இன்னும் ஒரு வருஷத்துக்கு என்னால் எந்த விசேஷ வீட்டுக்கும் போக முடியாது.

ஆனால் விறகுக்கு எங்கே போவது? நான் கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். ஊரில் எனக்குத் தெரியாத தராசு கிடையாது. விறகு நிறுக்கிற தராசை மட்டும் பார்த்ததே இல்லை. மரப்பட்டறையில் கேட்டேன். மரத்தூள் வேண்டுமா என்றார்கள். பேக்கரியில் கேட்டேன். அடுப்பு கரண்ட்டுக்கு மாறி எட்டு வருஷமாச்சு என்று பெருமைப்பட்டார்கள். வீடு கட்டுகிற ஓர் இடத்தில் இரண்டு பலகையைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். மேஸ்திரி என்னைத் தொட்டுப் பார்க்க வருகிற மாதிரி வந்தார். நடையைக் கட்டினேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் பின்புறம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் பலத்த காற்றில் அங்கே ஒரு மரம் சாய்ந்தது. தொடைப் பருமன், மாடி உயரம். வேலியை அமுக்கிக்கொண்டு பாதி எங்கள் பக்கமும் பாதி பக்கத்து வீட்டிலுமாகக் கிடந்தது. அதை எடுங்க, எடுங்க என்று மனைவி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கோ இடுப்பு வலி. மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும். பேச்சு முடிந்ததும் போய்விடும்.

"பின்னாடி மரம் கிடக்குதில்ல, அதையே வெட்டி எடுத்துட்டுப் போயிடலாம்னு பார்க்கறேன்" என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "அதை மட்டும் தொடாதீங்க."

"ஏன்? எடு எடுன்னு உயிரை எடுத்தது நீதானே?"

"அது அப்போ. இப்ப அதுமேல கொடி படரவிட்டா எவ்வளவு அழகா இருக்கும்னு தோணுது. நாள் போகப் போக எனக்கு அது பிடிச்சுப் போச்சு."

"ரெண்டு கிளை மட்டும்?"

"ஒரு சுள்ளி குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும். சொல்லிட்டேன்."

ஆறு மாதம் நான் ஆடாமல் அசையாமல் இருந்ததில் அவள் மனசே மாறிவிட்டது. பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஆனால் விறகு வேண்டுமே. வேறு வழியில்லை. சொந்த வீட்டில், சொந்த மரத்தை, சொந்த மனைவிக்குத் தெரியாமல் திருடுவது என்று தீர்மானித்தேன்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நான் ஐந்து மணிக்கு வீடு திரும்புவேன், அவள் ஆறு மணிக்கு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அறுத்துவிட முடியும்? அந்த வாரம் பார்த்துக் கடையில் சரக்கு எண்ணுகிற வேலை வந்தது. தினமும் எட்டு மணியாகிவிடும் என்றாள். அதிர்ஷ்டம் வந்தால் இப்படித்தான் அடுத்தடுத்து வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலி ஓரமாகப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அண்ணே, ரம்பம் இருக்குமா?"

"எதுக்குத் தம்பி?"

"ஸ்டூல் கால் ஒண்ணு ஆடுது."

"ஸ்டூல் காலா? அப்ப பெரிய ரம்பமாத்தான் வேணும்" என்று உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பினார். புதிதாகச் சாணை பிடித்த ரம்பம், பளபளவென்று இருந்தது. "தங்கச்சிகிட்ட நான் மூச்சு விடமாட்டேன், தம்பி. நீங்க நல்லா ஸ்டூலை அறுங்க."

நாலு நாள் அறுத்தேன். இடுப்பு வலியை நினைக்கக்கூட நேரமில்லை. அறுத்ததைக் கூடாரப் பைக்குள் திணித்தேன். போர்வைக்குள் சுற்றினேன். தலையணை உறைகளைப் பஞ்சில்லாமல் செய்து விறகு நிரப்பினேன். மூன்றாம் நாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"கையில என்னங்க இது?"

"எடைக்கல். இந்த வாரம் பூரா பெரிய பெரிய கல்லாவே வருது."

"ஐயோ பாவம்" என்று கையைப் பிடித்துக் களிம்பு தடவினாள். எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் அடிமரம் மட்டும் மிச்சம். வேரோடு சேர்ந்த முண்டு, நல்ல கனம். நாற்பது கிலோவுக்குக் குறையாது, என் கண் தப்பாது. இது கிடந்துவிட்டுப் போகட்டும் என்று ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டிரைவர் வாங்கவில்லை.

"பாதி திருடினா மாட்டிக்குவீங்க தம்பி. முழுசா எடுத்துடுங்க. அப்படி ஒரு மரமே இங்க இல்லைன்னு சாதிச்சுடலாம்."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. முண்டையும் எடுத்தேன். கீழே உதிர்ந்த பட்டையைக்கூட விடாமல் பெருக்கி அள்ளினேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு துண்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மதிய இடைவேளையில் கட்டடத்துக்குப் பின்னால் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தேன். ஆறு மாதம் மழையிலும் மண்ணிலும் ஊறிய மரம். ஸ்ஸ் என்றது. இரண்டு முனையிலும் நுரை கட்டியது. புகையைப் பார்த்துவிட்டுக் காவலாளி மணல் வாளியோடு ஓடி வந்தார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"சார், இதுக்கு மணலே வேண்டாம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

மறுநாள் பயணம். வேறு விறகு தேட நேரமில்லை. விறகே இல்லை என்று மச்சானிடம் சொல்லவும் வாய் வராது. அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு என் எதிரே நிற்பது மாதிரியே இருந்தது.

காலையில் காரில் ஏறினோம். பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, பின்சக்கரம் இரண்டும் பாதி உள்ளே போயிருந்தன. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதால் எனக்குச் சாலையைவிட வானம்தான் அதிகம் தெரிந்தது.

"வண்டி ஏங்க இப்படி நிக்குது?"

"டயர்ல காத்து அதிகம்."

மனைவி முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை இழுத்து வைத்துக்கொண்டாள். டொக் என்று சத்தம் கேட்டது. "இது ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"புது மாடல். முதுகுக்கு நல்லதாம்."

"ஓ" என்று சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். மூன்று மணி நேரம் அந்த விறகில் சாய்ந்தபடியே வந்தாள். என்ன ஒரு நல்ல மனைவி என்று நான் உருகிப்போனேன்.

காட்டு வாசலில் சங்கிலி போட்டு வழியை மறித்திருந்தார்கள். வனக்காவலர் அனுமதிச் சீட்டைக் கேட்டார். முன்பதிவு செய்து சீட்டு வாங்கியதெல்லாம் மனைவிதான். அதை நான் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

"வெளியில இருந்து விறகு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன்.

அவர் பின்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சீட்டுக்குப் பின்னாலேயே போட்டிருக்கோமே சார். வெளி விறகு உள்ள வரக்கூடாது. பட்டைக்கு அடியில வண்டு இருக்கும், மொத்தக் காட்டையும் தின்னுடும். காய்ஞ்ச விறகு நாங்களே உள்ள கொடுப்போம்."

மனைவி கண்ணைத் திறந்தாள். "போன வாரம் போன் பண்ணது நான்தாங்க. விறகு வண்டியிலதான் இருக்கு."

காவலர் முகம் மலர்ந்தது. "ஒரு முழு மரம்னு சொன்னீங்களே, நீங்களாம்மா? அதுக்குத்தான் தள்ளுவண்டி எடுத்து வெச்சிருக்கேன். அந்தக் குழியில கொட்டிடுங்க, மொத்தமா கொளுத்திடுவோம்."

நான் மனைவி பக்கம் திரும்பினேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ரம்பத்தைச் சாணை பிடிச்சுப் பக்கத்து வீட்டுல கொடுத்ததே நான்தானே."

"சரக்கு எண்ணினது?"

"நூலகத்துல உட்கார்ந்து நல்ல நல்ல புத்தகமா படிச்சேன்."

"மரத்தை எடுக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாமே?"

"ஆறு மாசம் நேராத்தாங்க சொன்னேன்."

கோபம் வர வேண்டிய இடம். நானும் வரவழைக்கத்தான் பார்த்தேன். ஆனால் என்னவோ நடந்தது. கூடாரப் பையும் போர்வைச் சுருளும் தலையணையும் ஒவ்வொன்றாகக் காலியாகிக் குழியில் விழ விழ, என் நெஞ்சில் இருந்த பாரமும் கூடவே விழுந்தது. அந்த நுரை கட்டிய விறகு போய்விட்டது. இனி அதை நான் ஊத வேண்டாம். மச்சானுக்கு அதைப் பார்க்கிற பாக்கியமே கிடைக்கப் போவதில்லை. கடைசியாக முண்டை உருட்டிவிட்டபோது காரே ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். ஏமாந்தவனுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

"கோபமாங்க?"

"பின்னே?"

"ரொம்பவா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் தலையணை உறையை உதறி மடித்து என் தோளில் போட்டாள்.

உள்ளே காவலர் கொடுத்த விறகைக் கையில் வாங்கியதும் எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. புகை இல்லாமலே. அவ்வளவு காய்ந்த விறகு. ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்றது. மச்சான் முன்னாலேயே வந்திருந்தார். "வாங்க மாப்பிள்ளை, இந்த வருஷம் தீ உங்க பொறுப்பு. நான் கிட்டவே வரமாட்டேன்" என்றார். கிண்டல் இல்லை, கண் சிமிட்டல் இல்லை. ஒரு வருஷமாக நான் வாங்கிய அடியெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் ஆறிப்போனது. மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தீ ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. புகை பேருக்குக்கூட இல்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் நெருப்புக் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. இனி விசேஷ வீட்டுக்கெல்லாம் நிமிர்ந்து போகலாம். ஆனால் நடந்தது எந்த வரிசையில் நடந்தது என்பதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

மனைவி குனிந்து சுள்ளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சட்டைப்பையாகத் தடவிக்கொண்டிருந்தேன். மச்சான் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். விறகுத் தூசி தொண்டையில் பட்டு மனைவி லேசாக இருமினாள்.

அந்த இருமலுக்கே காத்திருந்தவர் போல மச்சான் உடனே சுத்தியலைக் கீழே வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒப்பிக்கிற குரலில் சத்தமாகச் சொன்னார்:

"அடேயப்பா மாப்பிள்ளை, ஒரே குச்சியில பத்தவெச்சுட்டீங்களே. இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

நான் இன்னும் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.