ஒரே பலகை, பதினான்கு வாசல்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலமாக இருக்கிறேன். அவ்விடம் நீங்களும் பிள்ளைகளும், எட்டு மாதமாக உங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் உங்கள் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் போதும். இனி உன்னை 'நீ' என்றே எழுதப் போகிறேன். அந்தக் கான்ட்ராக்டரை என் தலையில் கட்டியவனே நீதான்.

போன வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது உன் அக்கா சமையல் மேடைமேல் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் நேராக உன் ஊருக்குப் பஸ் ஏறினாள். ஏறும்போது சொன்னாள்: "தெருவுல எவ்வளவு தண்ணி வேணா நிக்கட்டும். நம்ம படியைத் தாண்டாதுன்னு ஆனப்புறம் சொல்லி அனுப்புங்க, வர்றேன்." இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டேன். கேட்டதன் பலன், எட்டு மாதமாக நானே சமைத்து, நானே சாப்பிட்டு, உப்பு இல்லை என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல ஆளில்லாமல் குறை சொல்வதில் ஒரு ருசியும் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. மழைக்காலம் வந்துவிட்டது. அவள் வர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளம் புகாத வீடு என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்ததே, அதில் நம் தெருவில் பதினான்கு வீடுகள் சேர்ந்தோம். வாசலின் இரு பக்கமும் காடி வெட்டி, மழை வந்தால் அதில் சொருகிக்கொள்ள ரப்பர் வைத்த அலுமினியப் பலகை ஒன்று. சுவிட்சுகளை உயர்த்துவது, சாக்கடை எதிர்த்து வராமல் குழாய்க்கு ஒரு மூடி. பணம் மூன்று தவணை: ஒப்பந்தத்துக்கு ஒன்று, வேலை முடிந்த போட்டோவுக்கு ஒன்று, இன்ஜினியர் பார்த்துவிட்டுப் போனபின் ஃபைலை ஒப்படைத்தால் கடைசி ஒன்று. மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்று விதி. நீ அனுப்பிய மகானுபாவன் மூன்றையும் தானே கொண்டுவந்து கொடுத்தான். மூன்று கம்பெனி, மூன்று ரப்பர் முத்திரை. மூன்று தாளிலும் வலது மூலையில் ஒரே டம்ளர் வைத்த ஒரே வட்டக் கறை. இது என்னப்பா என்று கேட்டேன். "போட்டி ரொம்பக் கடுமை சார்," என்றான்.

அவன் பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. 'இதோ வந்துட்டேன்' என்றுதான் சொல்கிறார்கள். போன் செய்தால் அது ஒன்றைத்தான் சொல்வான். செவ்வாய்க்கிழமை இதோ வந்துட்டேன் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கொத்தனார் வருவார். அவர் சுவரை உடைத்துவிட்டு, சிமென்ட் வாங்கி வருகிறேன் என்று போவார். போனவர் எந்த நாட்டுக்குப் போய் வாங்கினாரோ, பதினெட்டு நாள் ஆயிற்று. சுவிட்சுகளைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். பழைய வெள்ளக் கோட்டுக்கு மேல் மூன்றடி என்று விதியாம். இப்போது ஃபேன் போட நானே எக்க வேண்டியிருக்கிறது. உன் அக்காவின் உயரம் உனக்குத் தெரியும். "என் சம்சாரம் எப்படிப்பா லைட் போடுவா?" என்றால், "பகல்லயே வேலையை முடிச்சுக்கச் சொல்லுங்க சார்," என்கிறான். இந்த யோசனையை உன் அக்காவிடம் அவனே நேரில் வந்து சொல்லட்டும், நான் ஓரமாக நின்று பார்க்கிறேன்.

வாசலின் அளவை வீட்டுக்காரரே அளந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது இன்னொரு விதி. இந்த ஒரு விதிதான் எனக்குப் பிடித்திருந்தது. நான் யார், எடை அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் ஆய்வாளர். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனையும், லிட்டர் படியை உள்ளே தட்டிக் குறுக்கியவனையும் கையும் களவுமாகப் பிடித்தவன். என் இரும்பு டேப்பு வெள்ளத்தில் துருப்பிடித்துப் போனதால் உன் அக்காவின் தையல் டேப்பால் அளந்தேன். தெருவிலேயே முதலில் அளவு கொடுத்தது நான்தான். முதல் பலகை என் அளவுக்குத்தான் செய்தார்கள். முதல் பலகை என்கிறேனே, இரண்டாவது பலகை என்று ஒன்று கிடையாது என்பதுதான் இனி வரும் கதை.

பலகை வந்தது. வாசல் முன்னால் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ரப்பர் ஒட்டிக்கொண்டு வருகிறோம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டு லாரி டிரைவர் தன் போட்டோவைக் காட்டினார். பலகையின் இடது மூலையில் சிமென்ட் கை ஒன்று, ஐந்து விரலும் பதிந்திருந்தது. என் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதே கை. விடுவேனா? பதினான்கு வீட்டிலும் ஏறி இறங்கினேன். பதினான்கு போட்டோ, பதினான்கு வாசல், ஒரே கை. ஒரு பலகையைத் தெருவெல்லாம் ஊர்வலம் விட்டு இரண்டாம் தவணையைப் பதினான்கு தடவை வாங்கியிருக்கிறான். சாக்கடை மூடியும் தெருவுக்கே ஒன்றுதானா என்று குழாய்க்குள் தலையை விட்டுப் பார்க்க எனக்கு வயதில்லை.

போன வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். அவர் வீட்டைப் பார்ப்பதில்லை, போனில் வீட்டைப் பார்க்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் அவரை உட்கார வைத்துக் கூல் டிரிங்க் கொடுத்தார்கள். அவர் குடித்து முடிப்பதற்குள் இரண்டு ஆட்கள் பலகையைப் பின்சந்து வழியாக அடுத்த வீட்டுக்கு ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்பதாவது வீட்டில் அவர் பலகை எங்கே என்று கேட்கவில்லை, பாத்ரூம் எங்கே என்று கேட்டார். கடைசி வீடு நம் வீடு. அந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். அதிகாரிக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். "ஃபைலைத் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடுங்க. அப்புறம் திட்டம் முடிஞ்சிரும், ஒரு தாள்கூட வாங்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறினார். ஆட்கள் பலகையைத் தூக்கக் குனிந்தார்கள். நான் நாற்காலியைப் போட்டு, பலகைமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வாழ்க்கையில் முதன்முறையாக 'இதோ வந்துட்டேன்' உடனே வந்தான்.

"சார், அது பொதுச்சொத்து சார்."

"பொதுன்னா என் வீட்லயும் இருக்கலாம்ல?"

"மத்த பதிமூணும் வந்துகிட்டே இருக்கு சார்."

"எங்க வந்துகிட்டு இருக்கு?"

"வழியில சார்." தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இது உங்க வாசலுக்கு ஆகாது சார். விட்ருங்க."

முப்பத்தெட்டு வருஷம் அளந்தவனிடம் அளவு பேசுகிறான். போடா என்று சொல்லிப் பலகையை உள்ளே இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். காடியில் சொருகிக்கூடப் பார்க்கவில்லை. அளந்தது நான், பிறகு என்ன பார்க்க இருக்கிறது?

இத்தோடு விடப் போவதில்லை. பதினான்கு போட்டோவையும் நகல் எடுத்து, கறை படிந்த மூன்று விலைப்புள்ளியையும் சேர்த்து, மேலே எட்டுப் பக்கத்தில் புகார் எழுதி ஃபைலில் கட்டி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் மூன்று நகல் கேட்டதில் ஃபைல் மூன்று விரல் கனம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை அதை நானே ஆபீஸில் கொண்டுபோய் வைக்கும்போது அவன் கதை முடிந்தது. நீ உன் அக்காவிடம், பலகை வந்துவிட்டது, அவள் சொன்னதை அவள் புருஷன் செய்துவிட்டான் என்று மட்டும் சொல். சுவிட்ச் விஷயம் இப்போது வேண்டாம்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், எந்தத் திட்டத்திலும் பயனாளியாகாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: சனிக்கிழமை எழுதிய கடிதம் இது. தபாலில் போடுவதற்குள் நேற்று மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் தெருவில் முழங்கால் தண்ணீர். பலகையை எடுத்து இடது காடியில் சொருகினேன், கச்சிதம். வலது காடிக்கு எட்டவில்லை. மூன்று விரல் குறைகிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தையல் டேப்பு இழுத்து இழுத்து நீண்டுவிட்டது, எல்லாவற்றையும் குறைத்துக் காட்டுகிறது, புதிது வாங்கித் தாருங்கள் என்று உன் அக்கா பத்து வருஷமாகக் கேட்டாள். டேப்பு எங்கேயாவது நீளுமா என்று சிரித்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் படியையெல்லாம் சோதித்தவன், வீட்டில் இருந்த டேப்பைச் சோதிக்கவில்லை. கான்ட்ராக்டர் திருடன்தான், ஆனால் குறைந்த அளவு என்னுடையது.

துண்டைத் திணித்தேன், தலையணையைத் திணித்தேன், எல்லாம் நழுவி மிதந்தது. கடைசியில் கையில் கிடைத்தது அந்த ஃபைல். சொருகினேன். அளந்து செய்ததுபோல் உட்கார்ந்தது. நனைந்து ஊதிக்கொண்டு காடியோடு இறுகிவிட்டது. என் எட்டுப் பக்கப் புகார் வெளிப்பக்கம் இருக்கிறது, தண்ணீர் படித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. எதிர்வீட்டு டிரைவர் குடும்பத்தோடு இன்னும் மூன்று வீட்டார் நம் கூடத்தில் உட்கார்ந்து பலகையைத் திருடியதற்காக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

இன்று திங்கட்கிழமை, மணி பதினொன்று. கான்ட்ராக்டர் போன் செய்தான். "சார், ஃபைல் எங்க சார்? பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும்." ஃபைலை உருவினால் தண்ணீர் உள்ளே வரும், உருவாவிட்டால் அவன் தப்பித்துவிடுவான். நான் வாசலைப் பார்த்தேன், உன் அக்கா உட்கார்ந்திருந்த சமையல் மேடையைப் பார்த்தேன். "இதோ வந்துட்டேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தண்ணீர் படியைத் தாண்டவில்லை என்று அவளிடம் சொல். எதனால் என்று கேட்டால், டேப்பு விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி என்று நான் எழுதியிருப்பதைக் காட்டு. வரும்போது புது டேப்பு ஒன்று வாங்கி வரட்டும். அந்தப் பணத்தை வாசலிலேயே கையில் தந்துவிடுகிறேன், தவணையில் அல்ல என்று சொல்.