சம்பந்தியம்மாவுக்குச் சினைப் பொரியல்

வாய் பேசாத பெண்கள் அடக்கமானவர்கள் என்று ஊர் நினைக்கிறது. அது சுத்தப் பொய். ஆண்கள் நாலு பேர் முற்றத்தில் நின்றால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஆனால் எங்கள் ஊர் கண்டக்குழியில் என்னைப் போல மீன் பொரிக்க ஆளில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. (இன்றும் கிடையாது.)

என் கடைசி மகள் ரிஹானாவைப் பெண் பார்க்க ஆலங்குடாவிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் வந்தவர்கள், "உம்மாக்காரி ஒரு வார்த்தை கதைக்கல்ல, பெருமை புடிச்சவ" என்று சொல்லிப் போய்விட்டார்கள். இந்த முறையும் நான் ஊமையாக நின்றால் மகளின் காரியம் கெட்டுவிடும். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு மீன் சினை என்றால் உயிராம். சரி, நான் கதைக்க வேண்டாம், சினை கதைக்கட்டும் என்று முடிவெடுத்தேன். "எங்கட வீட்டுச் சினைப் பொரியலத் திண்டா மறக்க மாட்டீங்க" என்று தரகருக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டேன்.

கடல் கொந்தளிக்கும் காலம் அது. தோணி எதுவும் இறங்கவில்லை. ஆனால் எங்கள் கொல்லையில் திலாப்பியா மீன் வளர்க்கும் சீமெந்துத் தொட்டிகள் இருந்தன. பெரிய தொட்டியில் பண்ணையில் வாங்கிய நல்ல இனம். சின்னத் தொட்டியில் ஊர்க் குளத்தில் பிடித்துப் போட்ட நோஞ்சான்கள். மீன் பண்ணையில் வேலை செய்யும் தங்கை மகன் பாஸிலிடம் கேட்டேன்.

"மீன் எப்ப மகன் சினை வெக்கும்?"

"வயித்தில கொழுப்புச் சேரணும் பெரியும்மா. அது இல்லாட்டிச் சினை வெக்காது. ஆனா..."

அந்த "ஆனா"வில் அவனுடைய கூட்டாளிமார் முற்றத்துக்குள் வந்தார்கள். நான் குசினிக்குள், அடுப்படிக்கு, ஓடிவிட்டேன். (பாதியில் நின்ற படிப்பு எனக்குப் புதிதா? ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தானே.)

அன்றிலிருந்து பெரிய தொட்டிக்குத் தேங்காய்ப் புண்ணாக்கும் எண்ணெயில் பிசைந்த பாண் ரொட்டியும். மீன்கள் கலியாணச் சாப்பாடு முடித்து எழும்பியவர்களைப் போல அசைந்தன. நோஞ்சான்களுக்கு மிச்சச் சோறு.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளையும் ஆண்களும் முன்னறையில் உட்கார, மாப்பிள்ளையின் உம்மா நேரே குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க மைனி, அந்தச் சினை?"

சிரித்துக்கொண்டே முதல் மீனைக் கீறினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று கொழுப்பு. அடுத்ததைக் கீறினேன். கொழுப்பு. தட்டு நிறைந்தது. உருக்கி விளக்கெரித்தால் பெருநாள் வரைக்கும் எரியும். சினை ஒரு பொட்டும் இல்லை.

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது.  எட்டிப் பார்த்த ரிஹானாதான் பாஸிலைக் கத்திக் கூப்பிட்டாள்.

"அதத்தானே பெரியும்மா அண்டைக்குச் சொல்ல வந்தேன்! கொழுப்பு மட்டும் காணாது, வம்சமும் பாக்கணும். இது முதல்ல உடம்ப வளக்கிற வம்சம், சுணங்கி, பிந்தித்தான் சினை வெக்கும். அந்த நோஞ்சானுகளுக்குக் கொஞ்சக் கொழுப்பே போதும், சின்னதிலேயே வெச்சிரும்."

அடுத்த நொடி என் மகள், பட்டுச் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னத் தொட்டிக்குள் குதித்தாள். சன்னலில் மாப்பிள்ளை! அவருடைய வாயும் திலாப்பியாவின் வாய் போலத் திறந்திருந்தது.

"ஏறுடி மேல! மானம் போகுது!"

அந்நிய ஆண்கள் கேட்க நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

சம்பந்தியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "மைனிக்கு வாயே இல்லண்டு சொன்னாங்களே! தொண்டை நல்லாத்தான் இரிக்கி. அந்தப் பொடி மீனக் கொண்டாங்க, பொரிப்பம்."

சினை ஆளுக்கு ஒரு கிள்ளுதான் கிடைத்தது. கலியாணம் முடிவானது.

இப்போது ரிஹானாவின் மகனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, இன்னும் நடக்கவில்லை. நான் சோற்றில் நெய்யை ஊற்றி ஊற்றி ஊட்டுகிறேன். மருமகன் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"நெய்யக் குறைங்க மாமி. இவன் பெரிய தொட்டி வம்சம், சுணங்கித்தான் நடப்பான்."

வீடே சிரிக்கிறது. நான் இன்னொரு கரண்டி ஊற்றுகிறேன்.