பிரேக்குக்குப் போட்ட விளக்கெண்ணெய்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பந்தியில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்கக்கூட நாக்கு எழாது. அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் பாளையங்கோட்டையே திரும்பிப் பார்த்தது. காரணம், ஒரு பழைய மோட்டார் வண்டி.

நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், வள்ளியூரில் ஒரு கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சியிடம் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து அண்ணாச்சி அந்த மோட்டாரை வாங்கினார். ஓட்டுவதற்கு என்னையே பழக்கினார். (மாட்டை ஓட்டுகிறவனுக்கு மோட்டார் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டார், பாவம்.)

வண்டியைக் குறை சொல்லக் கூடாது. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். வெயிலுக்கு மடக்குக் கூடு, முன்னால் இரண்டு பித்தளை விளக்கு. எஞ்சின் கெட்டி. ஆனால் ஆறு மைலுக்கு ஒரு தரம் தண்ணீர் கொதிக்கும். கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினால் திருப்பி அடிக்கும். பிரேக்கை மிதித்தால் பன்றி மாதிரிக் கத்தும்.

என் தங்கை கல்யாணத்துக்கு அண்ணாச்சி வண்டியைக் கொடுத்தார். தகப்பன் இல்லாத வீடு. முக்கூடல் போய் மாப்பிள்ளையைப் பாளையங்கோட்டை வேதக் கோயிலுக்குக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்ட பிறகும் முறைத்துக்கொண்டே இருந்தார்.

"பத்து மணிக்கு மாப்பிள்ளை கோயில் வாசல்ல இறங்கணும். கூத்து ஏதும் நடந்துச்சு, அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடும்" என்றார்.

மாப்பிள்ளை ஏறும் வண்டி கத்தலாமா? சக்கரம் கத்தினால் மாட்டுவண்டிக்காரன் எண்ணெய் விடுவான். மாப்பிள்ளை கோட்டு மாட்டுவதற்குள், நான் பிரேக் பட்டைகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றித் தேய்த்துவிட்டேன். வழியில் பிரேக்குக்கு வேலையே வரவில்லை. வண்டி கொதித்துக் கொதித்துத் தானே நின்றது.

கோயில் வாசலில் குருவானவர், சித்தப்பா, ஊர்க்கூட்டம். மிதித்தேன். சத்தமே இல்லை. ஒரு நொடி பெருமையாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், வண்டி நிற்கவும் இல்லை.

"மச்சான், கோயில் தாண்டிப் போயிட்டு!"

"தெரியுது, மாப்ளே!"

"பைய நிறுத்தும்!"

"நிக்க மாட்டேங்கே!"

"ஹோ, ஹோ!" என்று ஸ்டீரிங்கைப் பின்னால் பிடித்து இழுத்தேன். (எஞ்சினை அணைத்திருக்கலாம் என்பது மறுநாள்தான் தோன்றியது.) வண்டி ஒரு நாற்றங்காலில் இறங்கி, சேற்றில் புதைந்து நின்றது. மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டு மண் நிறமாகிவிட்டது.

சித்தப்பா ஓடிவந்தார். "ஏலே, இறங்குலே! ஊருக்குப் போவோம்!"

மாப்பிள்ளை முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, "கத்தாதிய சித்தப்பா. நாந்தான் ஊரைச் சுத்திக் காட்டச் சொன்னேன்" என்றார்.

"நாத்தங்காலையுமாலே?"

"அதுவும் ஊருக்குள்ளதான இருக்கு?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவுக்கும் சிரிப்பில் மீசை துடித்துவிட்டது. மாப்பிள்ளை சேற்றுக் கோட்டோடே நடந்து போய்த் தாலி கட்டினார். மாடு பூட்டி வண்டியை வெளியே இழுத்த அண்ணாச்சி, "கெட்டி வண்டிலே, ஒரு விளக்குதான் போச்சு" என்றதோடு சரி.

எனக்காக மாப்பிள்ளை சொன்ன அந்த ஒரு பொய்யில்தான் என் தங்கையின் வாழ்வு நிலைத்தது. அதற்கு நன்றி சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன், வரவில்லை. இப்போதும் முக்கூடலில் அவர்கள் வீட்டுப் படியேறினால், தங்கையின் பிள்ளைகள் ஓடிவந்து வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி என் காலுக்கு முன்னால் ஒரு கல்லைப் போடுகிறார்கள்.

"அப்பா, மாமாவ நிறுத்தியாச்சு!"

நானும் அந்தக் கல்லில் இடித்து நின்றுகொள்கிறேன். என்னால் முடிந்த நன்றி அதுதான்.