மதிப்பீட்டு நாளில் நான் தின்ற இட்லி

உற்சாகம் தலைக்கேறினால் எனக்குக் கண் தெரியாது. பசி மட்டும் தெரியும். காஞ்சிபுரத்தில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருஷமே பள்ளிக்கூடம் முழுக்க இதைத் தெரிந்துகொண்டது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள், நீங்களே ஆராய்ந்து பதில் கண்டுபிடியுங்கள்” என்று சொல்லியிருந்தேன். யாழினியும் அவள் கூட்டாளிகளும் எடுத்த கேள்வி: மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி, சாதா இட்லி, இரண்டில் எது முதலில் கெடும்? (எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.)

கடைசியில் பரீட்சை வேண்டாம், செய்ததைக் காட்டட்டும், கேள்வி கேட்டே மார்க் போடுகிறேன் என்றேன். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பசங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு எப்படிம்மா கண்டுபிடிப்ப? நானே வந்து உக்கார்றேன். திருப்தி இல்லன்னா கொஸ்டின் பேப்பர்தான்.”

மதிப்பீட்டு நாள் காலை பரபரப்பில் டிபன் இறங்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்தால், மேஜையில் மந்தாரை இலை மேல் ஒரு கோயில் இட்லி! எனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்ப் பாதியை விழுங்கிவிட்டேன். லேசான புளிப்பு. (நல்ல மாவு என்று மனசுக்குள் பாராட்டு வேறு.)

“ஐயையோ! மிஸ் சாம்பிள சாப்ட்டுக்கினு இருக்காங்கடி!” என்று யாழினி அலறவும், தலைமையாசிரியை உள்ளே வரவும் சரியாக இருந்தது. “மிஸ், அது மூணு நாள் இட்லி!”

மீதிப் பாதியை மெல்ல இலையிலேயே திருப்பி வைத்தேன். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

யாழினிதான் முதலில் சுதாரித்தாள். “மிஸ், வயிறு எப்படி இருக்குது? டேய், டைம் எழுதுடா!”

“இரு,” என்றான் அவள் கூட்டாளி கார்த்திக். “வலிச்சாலும் இட்லியாலதான்னு எப்படி சொல்லுவ? மிஸ் காலைல வேற என்ன சாப்ட்டாங்களோ?”

“ஒண்ணும் சாப்பிடலைப்பா,” என்றேன் பரிதாபமாக.

“அப்பவும் ஒருத்தர வெச்சு சொல்ல முடியாது மிஸ். மூணு நாள் சாதா இட்லிய இன்னொருத்தர் சாப்பிடணும். அப்பதான் ஒத்துப் பாக்க முடியும்.”

வகுப்பே திரும்பி, அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையைப் பார்த்தது. பூசணம் பூத்த சாதா இட்லித் தட்டை யாரோ பணிவாக அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “போதும்பா! நல்லாவே புரிஞ்சிருக்குது. மார்க்க போட்டுடும்மா.”

சந்தோஷத்தில் குதித்தேன். குதித்திருக்கக் கூடாது. வயிறு கடமுடா என்றது. நான் ஓட, பின்னாலேயே வாட்சைப் பார்த்துக்கொண்டு யாழினி ஓடிவந்தாள்.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாசம்கூட, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து கத்தினாள்: “மிஸ்! வயிறு இப்ப எப்படி இருக்குது?”

பஸ் ஸ்டாண்டே என்னை இரக்கத்தோடு பார்த்தது. பதில் சொன்னது பக்கத்தில் நின்ற என் கணவர்:

“இன்னும் முடிவு எழுதலம்மா!”