போதிய அளவு மிரட்டல்

நாட்டைக் கொள்ளைநோய் பிடித்த காலத்தில், வாடகை கொடுக்க முடியாத ஒருவர்கூடத் தெருவுக்கு வரக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் திருவுளம் கொண்டது. பணமும் அனுப்பியது. அது தவறான ஆளுக்குப் போய்விடக்கூடாது என்பதில் அதிகாரிகள் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். சரியான ஆளுக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதே அதற்குச் சிறந்த வழி என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

விஸ்கான்சினில் ஓல்சன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில், ஓர்வில் ஹெகி என்ற கிழவருடைய வீட்டு மாடியில் ஆர்டிஸ் டாலஃப்சன் குடியிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஊரே கூடி வறுத்த மீன் தின்னும் விடுதியில் அவளுக்குப் பரிமாறும் வேலை. தொற்றுக்குப் பயந்து உள்ளே கூட்டம் சேரக்கூடாது என்றார்கள்; வேலையாட்களின் சம்பளத்துக்கென்று விடுதிக்கு வந்த நிவாரணத்தில் முதலாளி வாசலில் கண்ணாடிக் கூடாரம் போட்டார். துப்பினால் எச்சில் உறைகிற ஜனவரிக் குளிரில் அதற்குள் உட்கார்ந்து மீன் தின்ன எவனுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆர்டிஸுக்கு வேலை போயிற்று. வாடகையும் நின்றது.

நிவாரண அலுவலர் ஷ்மிட்கேயிடம் போனாள்.

"உங்களை வீட்டைவிட்டுத் துரத்தப்போறாங்கன்னு ஆதாரம் இருக்கா மேடம்?"

"இல்லீங்க. ஓர்வில் தங்கமான மனுஷன்."

"அங்கதான் இடிக்குது. வீட்டுக்காரர் நல்லவர்னா உங்களுக்கு ஆபத்தில்ல. ஆபத்தில்லாதவங்களுக்கு நிவாரணம் இல்ல. அவரை ஒரு மிரட்டல் கடிதம் எழுதச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் ஒருவர் காலை மற்றவர் மிதித்துவிட்டால், மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்பார். ஓர்வில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதினார்: "அன்புள்ள ஆர்டிஸ், தொந்தரவாக நினைக்காதே. சௌகரியப்பட்டால், என்றைக்காவது, காலி செய்வதைப் பற்றி யோசிக்கலாம். அவசரமே இல்லை. படியில் பனி வழுக்குகிறது, பார்த்து இறங்கு."

ஷ்மிட்கே படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது மிரட்டலா, விருந்துக்கு அழைப்பா? போதிய அளவு மிரட்டல் இல்லை. மறுக்கப்படுகிறது."

அடுத்த கடிதத்தில் ஓர்வில் "காலி செய்" என்றே எழுதிவிட்டார். மனசு கேட்காமல் கீழே "மன்னித்துக்கொள்" என்றும் சேர்த்தார். அதுவும் திரும்பி வந்தது.

விசாரித்தால், வட்டாரம் முழுக்க வீட்டுக்காரர்களுக்கு இதே வியாதி. நிதி அப்படியே கிடந்தது. செலவாகாத பணம் தலைநகருக்குத் திரும்பிப் போனால் அலுவலகத்தின் மானம் என்னாவது? ஆகவே ஷ்மிட்கே அந்த நிதியிலிருந்தே சிகாகோ நிபுணர் ஒருவரை வரவழைத்து, "குடியிருப்போர் நலன் கருதிக் கண்டிப்பு மேம்பாட்டுப் பயிற்சி முகாம்" நடத்தினார். இடம், பள்ளிக்கூட மண்டபம். அந்தப் பள்ளிக்கும் நிவாரணம் வந்திருந்தது. வகுப்பறைகளில் காற்றோட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கி, விளையாட்டு மைதானத்தில் ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்ட ராட்சச மின்பலகை வைத்திருந்தார்கள். மைதானத்தில் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.

"சிரிப்பை எடுங்க ஐயா!" என்று நிபுணர் கத்தினார். "பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்து 'வெளியே போ' சொல்லுங்க."

"வெளியே... போறீங்களா?" என்றார் ஓர்வில். பக்கத்துக்காரர், "இதோ கிளம்பிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று எழுந்தே போய்விட்டார்.

முகாம் முடிவதற்குள் குரல்கள் தேறிவிட்டன. எழுபது வருஷத்தில் ஓர்வில் யாரையும் அதட்டியதில்லை. அதட்டிப் பார்த்தால் நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

அவர் கொண்டுவந்த மூன்றாம் கடிதத்தில் ஷெரீஃப் இருந்தார், நீதிமன்றம் இருந்தது, வெள்ளிக்கிழமை கெடுவும் இருந்தது. ஆர்டிஸ் கைதட்டினாள்.

"அடேயப்பா! ஷ்மிட்கே அசந்துடுவாரு ஓர்வில்!"

"நான் நெஜமாத்தான் சொல்றேன் ஆர்டிஸ். மில்வாக்கிலேர்ந்து ஒரு பையன், கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவன், ரெட்டிப்பு வாடகை தர்றேங்கிறான்."

சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை. பதினாறு வருஷம் குடியிருந்த வீடு.

ஓட்டமாக அலுவலகத்துக்கு ஓடினாள். ஷ்மிட்கே கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார். "முதல்தரம்! குறை சொல்ல ஒரு எழுத்து இல்ல. உங்களுக்கு முழுத் தகுதி வந்தாச்சு."

"அப்ப பணம்?"

"அது முகாமுக்கே சரியாப் போச்சு மேடம். ஆனா பாருங்க, முகாமுக்கு முன்னாடி வட்டாரத்துலயே தகுதியான ஆள் கிடையாது. இப்ப எழுநூறு பேர்! தலைநகர்லேர்ந்து பாராட்டு வந்திருக்கு."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்கிறது இதுதானா? நான் எங்கேய்யா போவேன்?"

"வீடில்லாதவங்களுக்குத் தனித் திட்டம் இருக்கே! ஆனா உங்களுக்கு இப்ப வீடு இருக்கு. வெள்ளிக்கிழமை கழிச்சு வாங்க."

வெள்ளிக்கிழமை காலையில், சொல்லாமலே ஊர் திரண்டு வந்துவிட்டது. அத்தனை நல்லவர்கள். விடுதி முதலாளி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார், பள்ளித் தலைமையாசிரியர் மறுமுனையை. ஷ்மிட்கேகூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பீங்கான்களைக் காகிதத்தில் சுற்றினார். ஓர்வில் படியில் உப்பு தூவினார். சாமானெல்லாம் பனியில் இறங்கியதும் எல்லாரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

"வேற என்ன வேணும்னாலும் கூச்சப்படாம கேளு ஆர்டிஸ்," என்றார் தலைமையாசிரியர். "நாங்க எதுக்கு இருக்கோம்?"

ஆர்டிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாருக்கும் பெரிய வீடுகள்.

"ஒரு ரூம் வேணும்," என்றாள்.

ஒருவர் வானத்தைப் பார்த்து, "ராத்திரிக்கு இன்னும் பனி கொட்டும் போலிருக்கே," என்றார். ஆமாம், நிச்சயம் கொட்டும் என்று ஊரே ஒருமனதாக ஒப்புக்கொண்டது.