மவுஸை ஆட்டிய திருடனைப் பற்றி மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் குழந்தைகளும் குறையொன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு நாளாக நான் ஏன் ஃபோனை எடுக்கவில்லை என்று கவலைப்பட்டிருப்பீர்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காக அதை அணைத்துப் போர்வை அலமாரியில் வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அடுப்பை அணைக்காமல் நூலகத்துக்குப் போன அன்று, "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, மாமா, ரெண்டு பேரும் எங்ககூடவே வந்துடணும்" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. இப்போது நடந்திருப்பது அந்த 'ஏதாவது'வில் சேராது. இந்த வீட்டைவிட்டு நகர எனக்கு இஷ்டமில்லை. முழுவதும் படித்தால், தனியாக வீட்டை நடத்த என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு நடக்கப் போன நான், தூறல் போட்டதால் பாதியில் திரும்பி வந்தேன், என்னைக் கண்டதும் உங்கள் அத்தை சமையலறைக்குள் ஓடினார், ஃபோனை எடுத்துப் பார்த்தால் என் கிரெடிட் கார்டில் பெயரே கேள்விப்படாத ஒரு கடையில் யாரோ எதையோ வாங்கியிருப்பதாகச் செய்தி, நிமிர்ந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்துகொண்டிருக்கிறது! நாற்காலியில் ஆளில்லை. மவுஸ் கிடந்த இடத்தில் கிடக்கிறது. அம்பு மட்டும் சாவகாசமாகப் போய் ஒவ்வொரு பக்கமாக மூடுகிறது. பாய்ந்து மவுஸைப் பிடித்தேன். நான் இடப்பக்கம் இழுத்தால் அவன் வலப்பக்கம் இழுக்கிறான். கடைசியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பெரிய எழுத்தில் தட்டினேன்: "டேய் களவாணி, உன்னைப் பெத்தவங்க உனக்கு நல்ல புத்தியே சொல்லித் தரலையா? உன்னை மாப்பிள்ளையா எடுத்த குடும்பம் உருப்படுமாடா?"

அம்பு அப்படியே நின்றது. அதன் பிறகு தானாக அசையவே இல்லை. ரோஷமுள்ள திருடன் போலிருக்கிறது. அதற்குள் உங்கள் அத்தை ஓடிவந்து, "ஐயோ, யாரைத் திட்டறீங்க?" என்றார். "திருடனை! நீ எதையும் தொடாதே, பேசாதே. நீதான் சாட்சி" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உள்ளே போய்விட்டார். பாவம், பயந்துவிட்டார்.

முப்பத்தொரு வருஷம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் பதறலாமா? முதலில் நெட் வயரைப் பிடுங்கினேன். அடுத்து வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கச் சொன்னேன். அங்கே பேசிய பெண், "சார், வீட்ல யாராவது யூஸ் பண்ணியிருப்பாங்களா?" என்று கேட்டது. "என்னைக் கேக்காம என் வீட்ல ஒரு துரும்பு அசையாதும்மா" என்றேன். கெட்டுப்போன கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றக் கூடாது, வேறு கருவியில்தான் மாற்ற வேண்டும் என்று அந்தப் பெண்தான் சொல்லித் தந்தது. ஃபோனிலேயே என் எட்டுப் பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன். எந்த மாற்றத்தையும் உரியவர்களுக்கு எழுத்தில் தெரிவிப்பதுதானே முறை? குடும்பக் குழுவில் சுற்றறிக்கை விட்டேன்: "கீழ்க்கண்ட புதிய பாஸ்வேர்டுகள் இன்று முதல் அமலுக்கு வருகின்றன. வெளியார் எவருக்கும் தெரிவிக்கலாகாது. படித்தவர்கள் 'கண்டேன்' என்று பதிலிடவும்." நாற்பத்திரண்டு பேர் கண்டார்கள். என் மகள் மட்டும் "அப்பா!!!" என்று போட்டிருந்தாள். அதன் பிறகுதான் உறைத்தது. மறுபடி எட்டையும் மாற்றினேன். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை, அவசரத்தில் நானும் குறித்து வைக்கவில்லை. இப்போது திருடனாலும் உள்ளே போக முடியாது, என்னாலும் முடியாது. இதைவிடப் பாதுகாப்பு உண்டா?

மறுநாள் போலீஸ் நிலையம். எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு, "ஆளோட அடையாளம் சொல்லுங்க" என்றார். "மவுஸைப் பிடிச்ச தினுசை வெச்சுச் சொல்றேன், எழுதிக்கோங்க. படிச்சவன். நாப்பதுக்குள்ள வயசு. எவ்வளவு திட்டினாலும் எதிர்த்துப் பேசாதவன்." அவர் பேனாவை மூடிவிட்டார். "அப்படி ஒரு திருடனை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல சார்." விடாப்பிடியாக எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் இங்கேயே இருப்போம். என் மகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆசிகள். நீங்கள் சகல சௌகரியங்களோடும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அந்தத் திருடன் மட்டும் ஒரு நாளும் உருப்படக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. கூரியர்காரர் சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள் இரண்டை உள்ளே உருட்டிவிட்டுப் போனார். அந்தக் கடையிலிருந்துதான். உங்கள் அத்தை திருதிருவென்று விழித்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளைதான் அங்கேருந்தே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து வாங்கிக் குடுத்தார். நான் கார்டு நம்பரையும் உங்க ஃபோன்ல வந்த ஓடிபியையும் வாசிச்சேன். அன்னிக்கே சொல்ல வாயெடுத்தேன், சாட்சி பேசக் கூடாதுன்னுட்டீங்க." பெட்டி எதற்கு என்று கேட்டேன். "பொண்ணு வீட்டுக்குப் போகத்தான். உங்களுக்கு நூலகம் இருக்கு, நடை இருக்கு. நாள் பூரா எனக்குப் பேச யாருங்க இருக்கா?" என்றார். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் வீட்டில் வைத்திருக்கும் அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுவிட்டதால் இனிக் கிழிக்க வழியில்லை. களவாணி, டேய் முதலிய சொற்களையும் உருப்படுவது குறித்த பகுதிகளையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். புகாரை வாபஸ் வாங்கப் போனால் எழுத்தர், "குற்றவாளி நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போடணும்" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இருந்தாலும் சனிக்கிழமை காரில் வந்துவிடுங்கள். ஒரு பெட்டியில் உங்கள் அத்தை தன் துணிகளை அடுக்கிவிட்டார். இன்னொன்று காலியாக இருக்கிறது. அது யாருக்கு என்று அவரைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஜாடையாகக் கேட்டுச் சொன்னால், என் சட்டைகளை எடுத்து வைத்துவிடுவேன்.