ராஜபாய் ஜெர்மனிக்குப் போகக் கூடாது

என் மனைவி ராஜபாய் ஜெர்மனிக்குப் போகக் கூடாது. இந்த மாபெரும் முடிவை நான் எடுத்தது ஒரு மத்தியான நேரம், சாப்பாட்டு மேஜையில். தட்டில் மரச்சீனிக் கிழங்கு. பக்கத்தில் முட்டத்துச் சாளை மீன் போட்ட குழம்பு, மாங்காய் கீறிப் போட்டது. அந்தக் குழம்பை மூன்று மாதம் பிரிந்திருக்க எந்த ஆண்பிள்ளையால் முடியும்? மனைவியையும்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். மகள் ஜெனிலா ஜெர்மனியில் நர்ஸ். மருமகன் பெனிஷுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. கைக்குழந்தை ஒன்று. பிரசவ விடுமுறை முடிந்து ஜெனிலா வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க நாளாகுமாம். "அம்மைய ஒரு மூணு மாசம் அனுப்பி வையுங்கப்பா" என்று போனில் கேட்டாள். என்னையும் கூப்பிட்டாள், வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற குரலில்.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. அருமனையில் பத்திரம் எழுதுகிற நேசையன் என்றால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். சட்டம் எனக்குச் சாளை மீன் மாதிரி. முள் எங்கே இருக்கிறது என்று கையே பார்த்துக்கொள்ளும்.

"அம்மை எதுக்கு? வேலைக்கு ஒரு ஆள வையேன் மக்கா" என்றேன்.

"அப்பா, இது அருமனையா? பக்கத்து வீட்டு அக்காவ விளிச்சு நாளையிலேருந்து வாங்கன்னு சொல்ல முடியாது. ஆள வச்சா கெவர்மென்டுல பதியணும். இன்சூரன்ஸ் கெட்டணும். சம்பளத்தோட லீவு குடுக்கணும். சுகமில்லாம படுத்தா அதுக்கும் சம்பளம். பொறவு ஒப்பந்தம் வேற எழுதணும்."

ஒப்பந்தம் என்றதும் எனக்குக் கை அரித்தது. "அத நான் எழுதித் தாறேன்" என்றேன்.

ஜெனிலா ஹெல்கா என்றொரு பெண்மணியைப் பேசி வைத்த அன்றைக்கே உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஜெனிலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா, வேலைக்கு வரப் போற ஹெல்காம்மாவ நானும் எனக்க பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரம்பரியமா ஆண்டு அனுபவிக்கணும்னு எழுதி வச்சிருக்கிய!"

"அது ஒரு பழக்கத்துல வந்தது."

"அவங்களுக்கு நாலு எல்லை வேற போட்டிருக்கிய. வடக்கே அடுக்களையாம், தெற்கே குளிமுறியாம். அவங்க மேல ஒரு வில்லங்கமும் இல்லன்னு உறுதியும் குடுத்திருக்கிய!"

இத்தனை வருடம் நிலத்தையும் வீட்டையும் எழுதிய கை. திடீரென்று மனுஷியை எழுது என்றால் அது என்ன செய்யும்? ஜெர்மனிச் சட்டத்தை ஜெனிலாவிடம் வரி வரியாகக் கேட்டுத் திருத்தி எழுதினேன். எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். ராஜபாய் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாரத்துல ரெண்டு நாளு லீவா?" என்று கேட்டாள்.

"பின்னே? குடுத்தே ஆகணும்."

"பண்டிகைக்கு?"

"கட்டாயம் உண்டு. கிறிஸ்மஸுக்கு ஒருத்திய வேலை செய்யச் சொல்லுவானா ஒருத்தன்? சொன்னா அவன் மனுசனா?"

போன கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களை அவள் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும். அடுத்த உள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே உரித்தாள்.

"தலவேதனைன்னு படுத்தா?"

"படுக்கலாம். சம்பளமும் உண்டு. அது தொழிலாளிக்க உரிமையாக்கும்!" மேஜையைத் தட்டினேன். உள்ளித் தோல் பறந்தது.

"கொள்ளாமே. இந்தச் சட்டம் எனக்கு உண்டா?"

இங்கேதான் என் அனுபவம் கைகொடுத்தது. "ஏட்டி, அது கூலிக்கு வாற ஆளுக்கு. சொந்த வீட்டுல வீட்டு ஆளு செய்யுற வேலை சட்டத்துல வராது. லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அதுக்குப் பேரு பாசம்."

"பாசமா?"

"பாசம்."

அவள் உள்ளியை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எப்பேர்ப்பட்ட பதில்! நானே எனக்குள் கைதட்டிக்கொண்டேன்.

ஹெல்காவை முறைப்படி பதிந்து வேலைக்கு வைத்துவிட்டார்கள். என் கவலை தீர்ந்தது. நிம்மதியாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ராஜபாய் பீரோவிலிருந்து கம்பளிச் சால்வையை எடுத்து உதறினாள்.

"அது எதுக்கு?"

"அங்க குளிரும்லா."

"ஆளு வச்சாச்சே ஏட்டி! நீ எதுக்குப் போகணும்?"

"பிள்ளய பாக்க. இதுவரைக்கும் போனுக்குள்ளதான் பாத்திருக்கேன். தொட்டா கண்ணாடிதான் இருக்கு. ஒரு மட்டம் மடியில வச்சுப் பாக்கணும்."

பேத்தியை மடியில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அடுக்களையிலிருந்து தீயல் குழம்பின் மணம் வந்துகொண்டிருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"போறது விசிட்டிங் விசாவிலயாக்கும். அதுல போறவங்க அங்க வேலை செய்யக் கூடாது. ஒரு தட்டு கழுவினாலும் கேசு. போலீஸு வரும்."

சட்டம் சொல்வது சம்பளத்துக்குச் செய்யும் வேலையை. தட்டைச் சேர்த்தது நான். அவசரத்துக்குச் சட்டத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வதில் தப்பில்லை.

ராஜபாய் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வாடிவிட்டது என்று நினைத்தேன். "வாரியல எடுத்து வீட்டப் பெருக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தொடவே கூடாது."

"கறி வைக்கலாமா?"

"அடுக்களப் பக்கமே போகக் கூடாது."

"துணி மடக்கலாமா?"

"மடக்கினா உள்ளதான்."

"ஒரு சாயா போடலாமா?"

"கூடாது."

"வேற யாராவது போட்டுத் தந்தா குடிக்கலாமா?"

"அது... குடிக்கலாம். குடிக்கதுக்குத் தடை இல்ல."

"பிள்ளய மடியில வைக்கலாமா?"

அதற்கு மட்டும் 'கூடாது' என்று சொல்ல வாய் வரவில்லை. "வைக்கலாம். அது வேலையில்ல, பாசம்லா."

"செரி" என்று எழுந்தாள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "மக்கா, டிக்கெட்ட எடு."

நான் சாயாவைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

"ஏட்டி, நான் சொன்னது விளங்கலியா?"

"நல்லா விளங்கிச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து வேலை செய்யலேன்னாதான் ஏச்சு கேட்டிருக்கேன். வேலை செய்தா பிடிச்சுகிட்டுப் போற ஒரு ஊரு இருக்குன்னு இப்பந்தான் கேக்கேன். அங்க போகாம இருப்பேனா? ஆளையும் நீங்களே ஏற்பாடு பண்ணித் தந்திட்டிய. நல்லா இருப்பிய."

யோசித்துப் பார்த்தேன். ஹெல்காவை வைக்கச் சொன்னது நான். ஒப்பந்தம் எழுதியது நான். ராஜபாய் துரும்பையும் தொடக் கூடாது என்று தடை போட்டதும் நான். ஒரு மனைவிக்கு இவ்வளவு கச்சிதமான விடுமுறையை உலகத்தில் எந்தக் கணவனும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டான்.

"எனக்கு யாரு சோறு பொங்குவா?" என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"பக்கத்து வீட்டு பகவதி அக்காட்ட பேசியாச்சு. வாரத்துல ரெண்டு நாளு லீவு, பண்டிகைக்கு லீவு, தலவேதனைன்னா லீவு. நீங்க வாசிச்சத அப்பிடியே சொல்லிப்புட்டேன். குடுக்காதவன் மனுசனான்னு நீங்கதானே கேட்டிய."

"அந்த நாளுல எல்லாம் நான் என்ன செய்ய?"

ராஜபாய் சால்வையை அழகாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மட்டும் கண் கலங்கி, "மருந்த மறந்திராதிய" என்று என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வண்டி ஓட்டுவதில் மனம் நிற்கவில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய மனசே வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பகவதி அக்காவுக்கு லீவு. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்து நானே சாளைக் குழம்பு வைத்தேன். குழம்பு என்று நான்தான் சொல்ல வேண்டும். தின்று முடித்து, அடிப்பிடித்த சட்டியை ஊறப் போட்டுத் தேய்க்கும்போது வீடியோ கால் வந்தது.

ராஜபாய் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பேத்தி, மூக்குத்திக்குக் கை நீட்டிக்கொண்டு. ஒரு வெள்ளைக்காரக் கை பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுப் போனது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. நான்கூட ஒரு நிமிஷம் சட்டியை மறந்துவிட்டேன்.

"என்ன செய்யுதிய?" என்றாள்.

"சட்டி கழுவுதேன். ஏட்டி, முதுகு வலிக்கு. இதுக்கு ஒரு சட்டம் கிடையாதா?"

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் என் சட்டியை உற்றுப் பார்த்தாள்.

"சட்டிக்க அடியில இன்னும் கரி இருக்கு. நல்லா பாசமா தேயுங்க."